டயாலிசிஸ் செய்துகொள்பவர் பல் மருத்துவரிடம் செல்லும் முன்

சிறுநீரகம் செயலிழந்து இரத்தத்தில் யூரியா கூடும்போது உமிழ்நீரிலும் அது கூடுகிறது. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுவதால், ஒழுங்காகப் பல் துலக்குபவரிடமும் ஒருவித வாடையும், நாக்கில் இரும்புச் சுவையும் நீடிக்கின்றன. டயாலிசிஸ் சரிவர நடந்தால் இவை ஓரளவு தணியும். ஆனால் துலக்கும்போது இரத்தம் கசிவதையும் ஈறு வீங்குவதையும் இதே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. ஈறு நோய் உடல் முழுவதும் அழற்சியைக் கூட்டக்கூடியது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், மாற்றுச் சிறுநீரகத்துக்கான சைக்ளோஸ்போரின் ஆகியவற்றாலும் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பல் மருத்துவர், சிறுநீரக மருத்துவர் இருவரிடமும் சொல்ல வேண்டும்.

பல் பிடுங்குவதென்றால் நாளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸின்போது இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் செலுத்தப்படுவதால் அன்றைக்குப் பிடுங்கினால் இரத்தம் நிற்கத் தாமதமாகலாம், மறுநாளே ஏற்றது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் செய்பவர் செவ்வாய் அல்லது வியாழனுக்கு நேரம் வாங்கலாம். அண்மைய இரத்தப் பரிசோதனை முடிவுகளையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து அமைத்த இடம்) உள்ள கையில் இரத்த அழுத்தப் பட்டை கட்டவோ ஊசி போடவோ கூடாது என்பதை நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுவது நல்லது. பல் மருத்துவமனையில் அதை யாரும் கேட்காமலும் போகலாம்.

அதைவிட ஆபத்தானது, பல்வலி தாங்காமல் இரவில் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தைக் குறைத்து, எஞ்சியிருக்கும் செயல்பாட்டையும் கெடுக்கக்கூடும். பொதுவாகப் பாராசிட்டமாலே பரிந்துரைக்கப்படுகிறது. அதன் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அமாக்ஸிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளின் அளவையும் சிறுநீரகத்தின் நிலைக்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீருக்கு அளவு விதிக்கப்பட்டிருப்பதால் வாய் வறண்டு, பல் சொத்தையாக வழியேற்படுகிறது. வாயை நனைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். சர்க்கரையில்லாத சூயிங் கம் மெல்லலாம். ஐஸ் கட்டி சப்பினால் அதையும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். புளிப்பு மிட்டாயை நாள் முழுவதும் வாயில் அடக்குவது, என் கருத்தில், தாகத்தைத் தணிக்கப் பல்லை விலையாகக் கொடுப்பதே.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருப்பவர்கள் சொத்தைப் பல்லையும் ஈறு நோயையும் காத்திருக்கும் காலத்திலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் தரப்படும் மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்குவதால், சிறிய பல்வேர்த் தொற்றும் பெரிதாகலாம்; நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.