ஒரு இரவுக்கு மட்டும் முதல் வகுப்பு

முதல் வகுப்பில் ஊருக்குப் போக யோசிக்கிறீர்களா? சரி, போங்கள். ஆனால் முழுப் பயணத்துக்கும் எடுக்காதீர்கள்.

ரொறன்ரோவில் இருந்து எமிரேட்ஸ் விமானத்தில் டுபாய் வழியாகக் கொழும்பு போவதை வைத்தே சொல்கிறேன். டுபாய் வரை ஏறக்குறைய 13 மணி நேரம். அங்கிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நாலரை மணி நேரம்தான். காசைக் கொட்டுவதென்றால் அந்த 13 மணி நேரத்துக்குக் கொட்டுங்கள். மிச்சத்துக்குச் சாதாரண வகுப்பே போதும். இப்படிக் கலந்து ஒரே ரிக்கெற்றாகப் போடலாம், முகவரிடம் கேளுங்கள். இரண்டு ரிக்கெற்றாக உடைத்தால், முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறும்போது பொறுப்பெடுக்க ஆள் இருக்காது. புறப்படும் நேரத்தையும் பாருங்கள். பகலில் கிளம்பும் விமானத்தில் கட்டிலாக விரியும் இருக்கை வாங்கிப் பயனில்லை.

லண்டன்காரருக்கு இந்தக் கணக்கு வேறு. ஶ்ரீலங்கன் எயார்லைன்ஸ் நேரே கொழும்புக்குப் பறக்கிறது, ஆனால் அதில் முதல் வகுப்பே கிடையாது, பிஸ்னஸ்தான். கத்தார் எயார்வேஸில்கூட முதல் வகுப்பு இரண்டு மாடி ஏ380 விமானங்களில் மட்டுமே. அவர்கள் பெரிதாக விளம்பரம் செய்கிற கதவு வைத்த 'கியூசூட்' இருக்கை பிஸ்னஸ் வகுப்புத்தான்.

முதல் தடவை நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். காசு கொடுத்தாயிற்று, ஒன்றையும் விடக்கூடாது என்று கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி ஒவ்வொரு தட்டாக வாங்கிச் சாப்பிட்டேன். பிறகு படம். கண் சொருகும்போது டுபாய்க்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. நீங்கள் வாங்கியது நித்திரையை, சாப்பாட்டை அல்ல. விமான நிலைய லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஏறியதும் அவர்கள் தரும் இரவு உடுப்பை மாற்றிக்கொண்டு, கட்டிலை விரித்துத் தரச் சொல்லுங்கள். முதல் வகுப்பில் கேட்ட நேரத்துக்குச் சாப்பாடு தருவார்கள், எழும்பிய பிறகு கேட்டால் போதும். மச்சம் சாப்பிடாதவர்கள் சைவச் சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

எமிரேட்ஸ் ஏ380இல் குளிக்கலாம். ஏறிய உடனேயே பணிப்பெண்ணிடம் நேரம் சொல்லி வையுங்கள், இறங்குவதற்கு முந்திய நேரங்கள்தான் முதலில் போய்விடும். தண்ணீர் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். நிறுத்தி நிறுத்திப் பாவித்தால் தாராளம். கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்தவர்களுக்கு இது பெரிய வேலையா? ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவதும் உண்டு. குளியலுக்காகவே ரிக்கெற் போடுகிறவர்கள் கிளம்புமுன் எந்த விமானம் என்று ஒருமுறை பாருங்கள்.

கட்டில் கிடைத்தாலும் உடம்பு அதே உடம்புதான். காற்று வறண்டிருக்கும், மதுவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். இடையில் எழும்பி நடவுங்கள்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று: சக்கர நாற்காலி எந்த வகுப்பிலும் இலவசம், முன்கூட்டிச் சொன்னால் சரி. அதற்காக முதல் வகுப்பு எடுக்க வேண்டாம். முழங்கால் நோவும் அம்மாவுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்றால் அது வேறு கதை, அதற்குப் பிஸ்னஸே போதும்.

பொதியிலும் கவனம் வேண்டும். கனடாவில் இருந்து எமிரேட்ஸ் முதல் வகுப்பில் 32 கிலோ வீதம் இரண்டு பெட்டி தருகிறார்கள். வகுப்பைக் கலந்து போட்டால் எந்தக் கணக்கு என்று ரிக்கெற்றிலேயே எழுதியிருக்கும், பாருங்கள். சென்னை வழியாக யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் இன்னும் கவனம்: அந்தச் சிறிய ஏடிஆர் விமானத்தில் இவ்வளவையும் ஏற்ற விடமாட்டார்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியபின் எல்லாரும் ஒரே வகுப்புதான். யாழ்ப்பாணத்துக்கு வான் வண்டியில் ஏழு எட்டு மணி நேரம், அதில் கதவு வைத்த இருக்கை இல்லை. இரவு நித்திரை கொண்டவர் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். மற்றவர் புத்தளம் தாண்டுமுன் தலை சாய்ந்துவிடுவார். அதனால்தான் சொல்கிறேன், முதல் வகுப்பைப் போகும்போது எடுங்கள், திரும்பும்போது வேண்டாம்.

ஊரில் எந்த வகுப்பில் வந்தேன் என்று வாயே திறக்காதீர்கள். நான் மாட்டுப்பட்டது அந்த இரவு உடுப்பால். தந்ததைக் கொண்டுபோகலாம் என்பதால் பெட்டியில் வைத்திருந்தேன். சித்தப்பா எடுத்து விரித்துப் பார்த்து விலை கேட்டார். சும்மா தந்தது என்றேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறார்.