மைதானம் இல்லாத ஊரில் சிப் ஷாட் பழகுவது எப்படி?

நான்குநேரிப் பக்கம் இருந்துகொண்டு கோல்ஃப் ஆட ஆசைப்பட்டால் திருவனந்தபுரத்துக்கோ கொடைக்கானலுக்கோ வண்டி ஏறத்தான் வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895லேயே வந்துவிட்டது, நம் பக்கம் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் ஸ்கோர் குறைவது (கோல்ஃபில் அடி எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது) பெரும்பாலும் கிரீனை, அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரையை, சுற்றித்தான், அந்தத் தூரத்துக்கு நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமே கிடையாது. பார் (18 குழிக்கும் சேர்த்து எதிர்பார்க்கிற ஷாட் எண்ணிக்கை) 72 என்றால் அதில் 36 ஷாட் கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டருக்கென்றே ஒதுக்கிய கணக்கு, குழிக்கு இரண்டு. கிரீன் ஓரத்திலிருந்து தாழ்வாக எழுப்பி உருள விடும் சிப் ஷாட் அடித்துப் பந்தைக் குழியை ஒட்டி நிறுத்திவிட்டால் அந்த இரண்டு ஒன்றாகிவிடும். அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களிடம் நீண்ட தூரம் அடிக்கும் டிரைவரை மூலையில் சாத்திவிட்டு இதை முதலில் பழகுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிளப்பை, அதாவது கோல்ஃப் மட்டையை, பிடிக்கும் முறை எல்லா வீடியோவிலும் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

தேவையானவை: பழைய பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்துக்கு அடிக்கும், முகம் சாய்ந்த கிளப்) ஒன்று, பழைய பந்துகள், ஒரு சாக்கு, ஒரு சிரட்டை, கொஞ்சம் கோலப்பொடி. விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக முழு செட் வாங்கிவிடாதீர்கள். 46 டிகிரி பக்கம் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) உள்ள வெட்ஜ் போதும். சாண்ட் வெட்ஜ் (மணலில் அடிக்கும் கிளப்) இப்போது வேண்டவே வேண்டாம். அதன் அடிப்பாகம் புடைத்திருக்கும், நம் கட்டாந்தரையில் பட்டு எகிறி, கிளப்பின் விளிம்பு பந்தின் நடுவில் போய் இடிக்கும்.

முதலில் இடம். கோடையில் குளம் வற்றியதும் கரையோரம் ஆடு மேய்ந்து மேய்ந்து புல் ஒட்டக் கிடக்குமே, அதுதான் நமக்கு. சரள் கிடக்கிற பக்கம் போனால் வெட்ஜின் முகம் ஒரே நாளில் கீறிவிடும். பந்து கிட்டத்தட்ட 46 கிராம் கனம், கல் மாதிரி இருக்கும், ஆள் நடமாட்டம் உள்ள திசையில் அடிக்கவே கூடாது. ஆடு மேய்க்கிறவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை, "அண்ணாச்சி, இங்கன கொஞ்ச நேரம் பந்து அடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். "ஆட்டு மேல படாம அடிங்க தம்பி" என்பார், அவ்வளவுதான்.

நிற்கும் விதம் (வலக்கைக்காரர்களுக்குச் சொல்கிறேன்): இரண்டு காலும் நெருக்கமாக, பந்து நடுவிலோ ஒரு விரல் வலப்பக்கமோ, கை பந்துக்குக் கொஞ்சம் முன்னால், உடல் பாரம் முக்கால்வாசி இடது காலில். மணிக்கட்டை மடக்காமல் தோளால் ஆட்டுங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான படி, நானும் அதிக நாள் நின்றது இங்கேதான். பந்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். இரண்டு காலுக்கும் நடுவிலிருந்து முன்பக்கமாக, பந்து போகும் திசைக்குக் குறுக்கே கோலப்பொடியில் ஒரு கோடு இழுங்கள். இப்போது பந்து இல்லாமலேயே அதன் மேல் கிளப்பை வீசிவிட்டு, குனிந்து தரையைப் பாருங்கள். பொடி கலைந்து மண்ணில் கிளப் உரசிய தடம் தெரியும். அந்தத் தடம் கோட்டிலேயோ, கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கமோ தொடங்கினால் சரி. கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் பாரம் வலது காலுக்குச் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம். பந்தைத் தூக்கிவிடப் பார்க்கிறோம், அதனால்தான் சாய்கிறோம். பந்தை எழுப்புவது லாஃப்டின் வேலை, நாம் கிளப்பைக் கீழ்நோக்கி விட்டால் பந்து தானாக எழும்பும். இதை எத்தனை தரம் படித்தாலும் உடம்பு நம்பாது. அதற்கு ஒரே வழி, வலது குதிகாலைத் தூக்கி, கட்டைவிரல் நுனியை மட்டும் ஊன்றிக்கொண்டு அதே கோட்டில் திரும்பத் திரும்ப வீசுவது. தடம் மாறாமல் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்த பிறகே பந்தைக் கோட்டின் மேல் வையுங்கள். சரியாகப் பட்டால் முதலில் பந்து, பிறகு மண், சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம் தூரம். குழிக்குப் பதிலாகச் சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள், குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பெரிய தேங்காயாக இருந்தால் ஏறக்குறைய அளவு வந்துவிடும். பிட்சிங் வெட்ஜில் அடித்தால் பந்து ஒரு பங்கு பறக்கும், இரண்டு பங்கு உருளும். அதனால் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சாக்கை மடித்துப் போட்டு, சிரட்டையை மறந்துவிட்டுச் சாக்கை மட்டும் குறி பாருங்கள். காய்ந்த குளத்தில் உருளல் இன்னும் கூடும், கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று பிடிக்கும் முன் காலையிலேயே போய்விடுங்கள். தாழ்வாக உருண்டு போகிற சிப்பைக் காற்று அவ்வளவாகத் தொடாது, நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ஷாட் பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பின்சேர்க்கை: உடன்குடிப் பக்கம் இருந்து ஒருவர், தேரி மணலில் (செம்மணல் மேட்டில்) பங்கர் ஷாட், அதாவது மைதானத்து மணல் பள்ளத்திலிருந்து அடிக்கும் ஷாட், பழகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக, சொந்த விளையில் பழகுங்கள், வனத்துறைக் காப்புக்காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். சாண்ட் வெட்ஜுக்கு அங்கேதான் வேலை. கிளப்பின் முகத்தை வானம் பார்க்க நன்றாகத் திறந்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விரலால் கோடு கிழித்து, அந்தக் கோட்டில் மணலை அடியுங்கள். தேரி மணல் பொலபொலவென்று இருப்பதால் முகம் மூடியிருந்தால் கிளப் புதைந்துவிடும். பயிற்சியில் கோடு கிழிக்கலாம், ஆட்டத்தில் பந்துக்குப் பின்னால் மணலைத் தொட்டால் தண்டனை உண்டு.

இன்னொன்று: ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகியதும் மொட்டை மாடியில் கயிற்று மிதியடி போட்டு அடிக்கிறேன், எல்லாமே நன்றாகப் படுகிறதே என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மிதியடி பிழையை மறைத்துவிடும், பந்துக்குப் பின்னால் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும். பந்துக்கு நாலு விரல்கடை பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து அடியுங்கள். துண்டு அசைந்தால் குதிகாலைத் தூக்கும் பயிற்சிக்குத் திரும்பிவிடுங்கள். மாடியில் பொத்தல் போட்ட பிளாஸ்டிக் பந்துதான், அசல் பந்து வேண்டாம்.