அட்லஸை வைத்துப் பவளப்பாறையைத் தேடுவது எப்படி?

உலக வரைபடம் ஒன்றும் பென்சிலும் போதும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 30 பாகையிலும் தெற்கே 30 பாகையிலும் ஒவ்வொரு கோடு போடுங்கள். பெரும்பாலான பவளப்பாறைகள் இதற்குள் அடங்கிவிடும். குளிர்காலத்திலும் கடல்நீர் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். 23 முதல் 29 வரை என்றால் பவளத்துக்குக் கொண்டாட்டம்தான்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். நான் விடமாட்டேன், நீரோட்டங்களையும் வரையச் சொல்வேன். காலபாகஸ் தீவுகள் நிலநடுக்கோட்டின் மேலேயே இருந்தும் அங்கே பெரிய பவளப்பாறைகள் இல்லை. குளிர்ந்த நீரோட்டங்கள் வந்து கெடுத்துவிடுகின்றன. பெர்முடாவோ 32 பாகையில், நம் கோட்டுக்கு வெளியே கிடக்கிறது. வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பில் அங்கே பவளம் வளர்கிறது.

அடுத்து, பெரிய ஆறுகளின் முகத்துவாரங்களை அடித்துவிடுங்கள். கங்கை, அமேசான் போன்றவை கொட்டும் வண்டல்தான் காரணம். பவள உயிரியின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அதற்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட அவை வெயிலில் சமைத்துத் தருகின்றன. கலங்கிய நீரில் அடுப்பு எரியாது. நன்னீர் கலந்து உப்பு குறைவதும் ஆகாது. ஆழம் 50 மீட்டரைத் தாண்டினால் வெளிச்சம் போதாது என்பதும் இதே கணக்குதான்.

மிதந்து வரும் இளம்புழு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். ஒட்டியதும் சுண்ணாம்புக் கிண்ணம் கட்டி, பிளந்து பிளந்து பெருகும். உயிர் மேல்தோலில் மட்டும்தான். கீழே இருப்பதெல்லாம் முன்னோர் விட்டுப்போன கூடு. கிளைப்பவளம் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர்கூட நீளும், உருண்டைப் பவளத்துக்கு ஒரு சென்டிமீட்டரே பெரிது.

அப்படியானால் நடுப் பசிபிக்கில், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்திலிருந்து எழும் வளையத் தீவுகள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எரிமலைத் தீவு மெல்லத் தாழ, அதைச் சுற்றிய பவளம் வெளிச்சத்தை விடாமல் மேலே கட்டிக்கொண்டே போகிறது என்று 1842-இல் டார்வின் எழுதினார். முதலில் கரையோரப் பாறை, பிறகு இடையில் காயலுடன் தடுப்புப் பாறை, தீவு முழுகியதும் வளையம். 1952-இல் பசிபிக்கின் வளையத் தீவுகளில் ஒன்றான எனிவெடாக்கில் துளையிட்டபோது, சுமார் 1,400 மீட்டர் சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. ஆகவே கடலடி எரிமலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் உண்மையான வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். நார்வே பக்கம் பவளம் தென்பட்டால் உங்கள் கோட்டை அழிக்க வேண்டாம். அது பாசியின் தயவில்லாமல், குளிரிலும் இருட்டிலும் இரை பிடித்து வாழும் ஆழ்கடல் பவளம்.