யாழ்ப்பாணம் போக முன் கொழும்பில் ஒரு நாள்

டொரொண்டோவிலிருந்து ஊருக்குப் போகிற பலர் கட்டுநாயக்காவில் இறங்கியதும் வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம் போய்விடுகிறார்கள். லீவு மூன்று கிழமைதான், அம்மம்மா வாசலில் பார்த்துக்கொண்டிருப்பா, கொழும்பில் நின்று என்ன செய்கிறது என்ற நினைப்பு. நானும் இரண்டு தடவை அப்படித்தான் போனேன். இரண்டாம் தடவை வவுனியா தாண்டின பிறகு சாரதியின் தலை முன்னால் சரிந்து திடுக்கிட்டு நிமிர்ந்ததைக் கண்ணாடியில் கண்டேன். பின்சீற்றில் பிள்ளைகள் நித்திரை. அதற்குப் பிறகு எங்களுக்கு முதல் இரவு கொழும்பில்தான். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் பாதை அது. தயவுசெய்து இறங்கின இரவே ஓடவேண்டாம்.

முதல் நாள் ஏன் உடம்பு இப்படிப் படுத்துகிறது என்பது கணக்குப் பார்த்தால் விளங்கும். கோடையில் டொரொண்டோவைவிட இலங்கை 9½ மணித்தியாலம் முன்னால், குளிர்காலத்தில் 10½. கொழும்பில் மத்தியானம் 1.30 ஆகும்போது, கோடையென்றால், உங்கள் உடம்புக்கு விடியப்புறம் 4 மணி. ஆள் அடித்துப்போட்டதுபோல் நித்திரை வருகிற நேரம். சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஏசி அறையில் சாய்ந்தால் எழும்ப இரவு எட்டு மணியாகும், பிறகு விடியும்வரை கண் மூடாது. இரவு 3.30க்குப் பசி கிண்டும், ஏனென்றால் அங்கே அப்போது பின்னேரம் 6 மணி. லண்டன்காரருக்குக் கோடையில் 4½ மணித்தியாலம்தான் வித்தியாசம். அவர்களுக்கு மத்தியானம் பரவாயில்லை, காலையில் எழும்புவதுதான் பெரும்பாடு.

தங்குவதற்கு நான் சொல்வது வெள்ளவத்தை. தமிழிலேயே எல்லா அலுவலும் பார்க்கலாம், சைவக்கடையும் பாமசியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும், கடலும் பக்கம். காலையில் இறங்கினால் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, காலி வீதியில் மெல்ல நடவுங்கள். வீதியைக் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பாருங்கள். கனடாப் பழக்கத்தில் கண் இடப்பக்கம்தான் போகும், அந்த நேரம் வலப்பக்கத்திலிருந்து பஸ் பாய்ந்து வரும். நித்திரை முழிப்பில் காலும் சொன்னபடி கேளாது. ஓட்டோவுக்கு பிக்மி அல்லது ஊபர் செயலியைப் போனில் போட்டுக்கொண்டால் விலை பேசுகிற கரைச்சல் இல்லை.

மத்தியானம் தாங்கமுடியாவிட்டால் அரை மணித்தியாலம் படுக்கலாம், அதற்குமேல் கூடாது. அலாரத்தைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சொந்தக்காரர் வீடென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் "பாவம், களைச்சுப்போய்க் கிடக்குது, படுக்கட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அன்புதான் உங்கள் முதல் மூன்று இரவையும் கெடுக்கிறது.

நாலு மணிக்கு வெளியே வாருங்கள். உடம்பின் மணிக்கூட்டைத் திருப்புவதற்கு மாத்திரையைவிட வெளிச்சத்தைத்தான் நான் நம்புகிறேன். மரைன் டிரைவில் நடந்தால் வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை. பெட்டி வாசல்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு போவார்கள், கம்பி பிடித்த கைகளுக்குள்ளால் கடல் தெரியும். கடல் பார்க்கிற ஆசையில் பிள்ளைகளைப் பாதைக்குக் கிட்ட விடவேண்டாம். பிறகு காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் முடிக்கப்பட்ட நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணவேண்டும் என்று பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு ஒரு கல்லும் நட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல்லை நிரம்பப் பிடிக்கும். ஆறு, ஆறரைக்குள் சூரியன் கடலுக்குள் இறங்கும். பட்டம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளின் நித்திரை பறந்துவிடும். இறால் வடையைக் கண்முன்னே பொரிக்கிற கடையில் வாங்குங்கள், மேலே போடுகிற பச்சை வெங்காயத்தை முதல் நாள் தவிர்த்துவிடுங்கள். குடிக்கப் போத்தல் தண்ணீர், இல்லாவிட்டால் வெட்டித்தருகிற செவ்விளநீர். வயிறு குழம்பினால் எந்தப் பாமசியிலும் ஜீவனி என்று கேளுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சீனித் தூள் அது.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒன்று. இன்சுலின், பிறஷர் குளிசை எந்த நேரத்துக்கு மாற்றவேண்டும் என்று வெளிக்கிட முன்பே குடும்ப வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். விமானத்தில் யோசிக்கிற விஷயம் அல்ல அது.

இரவு ஒன்பது மட்டும் எப்படியாவது இழுத்துப்பிடித்துவிட்டுப் படுங்கள். இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் போனை எடுக்காமல் இருட்டுக்குள்ளேயே கிடவுங்கள். பசித்தால் ஒரு வாழைப்பழம் போதும். விடியக் காகங்கள் கத்தும், கொஞ்ச நேரத்தில் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். இறங்கிப்போய்ச் சுடச்சுட மீன் பணிஸ் வாங்குங்கள். சைவக்காரருக்குச் சீனிப் பணிஸ் இருக்கிறது.

அப்படி நேரத்தோடு எழும்பிவிட்டால் வானை ஆறு மணிக்கு வரச்சொல்லி, கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலைக் கும்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பின கோயில். விமானத்தில் இருந்து வீங்கின கால்களுக்கு அந்தக் குளிர்ந்த கல் நிலம் எவ்வளவு ஆறுதல் என்பதை நின்று பார்த்தால்தான் தெரியும். புத்தளப் பக்கம் போகிறவர்களுக்கு அது வழியும்தான்.

ஏற முன் சாரதியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "தம்பி, ராத்திரி வடிவா நித்திரை கொண்டனீங்களோ?" ஒருவரும் கோபித்ததில்லை. ஒருவர் இல்லை என்றார். அன்று பத்து மணிக்குத்தான் வெளிக்கிட்டோம், அதுவரை அவர் வானுக்குள் சீற்றைச் சரித்துப் படுத்தார்.