ஸ்ட்ரோபாந்தஸ் கொடிகளை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமண்டல ஆப்பிரிக்காவின் ஸ்ட்ரோபாந்தஸ் என்ற பேரினக் கொடிகளைப் படிக்க வரும் புதியவர்கள், ஆரம்பத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களிலேயே விழுகிறார்கள். இலையடுக்கைக் கவனிக்காமல் விடுவது போன்ற சில்லறைப் பிழைகள் பழகப் பழகச் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

வாலைப் பார்த்துப் பேரினம் சொல்வது

இது இன்றும் எனக்கு எரிச்சல் தரும் தவறு. பிரூசி என்ற ஸ்ட்ரோபாந்தஸ் சிற்றினத்தில் இதழ் நுனி நூல் போன்ற வாலாக நீண்டு 30 செ.மீ. வரைகூடத் தொங்கும். ஹிஸ்பிடஸ், கொம்பே, சார்மெண்டோசஸ் பூக்களிலும் வால் உண்டு. புத்தகங்களில் பெரும்பாலும் இந்தப் படங்கள்தான் வருகின்றன. அதனால் வால் இல்லாத பூவைக் கண்டதும் வேறு பேரினம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஸ்ட்ரோபாந்தஸிலேயே கிராட்டஸ் என்ற சிற்றினத்துக்கு வால் கிடையாது. அகன்ற இதழ்களோடு நம் ஊர் அரளியைப் போல இருக்கும்.

ஒரு உலர்தாவரத் தொகுப்பில் கிராட்டஸின் அருமையான செடிமாதிரி ஒன்று, லாண்டோல்ஃபியா என்ற வேறொரு கொடிப் பேரினத்தின் உறைக்குள் கிடந்தது. வைத்த மாணவரிடம் கேட்டேன். "கொடி, எதிரிலை, பால் வடியும், வாலும் இல்லை. அப்புறம் வேற என்ன சார்?" என்றார். பூ ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தோம். பூக்குழாயின் வாயான தொண்டையில் பத்துச் செதில்கள், உள்ளே சூலகமுடியின் (சூலகத்தின் உச்சி) மேல் கூம்பாகக் கூடி நிற்கும் மகரந்தப்பைகள். லாண்டோல்ஃபியாவில் அந்தச் செதில்கள் இருக்காது. அது பற்றுக்கம்பியால் ஏறும், சதைக்கனி காய்க்கும். ஸ்ட்ரோபாந்தஸுக்குப் பற்றுக்கம்பியே இல்லை. தவறான உறைக்குள் போன செடிமாதிரி தொலைந்ததற்குச் சமம். கிராட்டஸ் எங்கெல்லாம் வளர்கிறது என்று தேடி வருபவர் லாண்டோல்ஃபியா உறையைத் திறக்கவே மாட்டார்.

முதலில் தொண்டையைப் பாருங்கள். வாலைப் பிறகு அளக்கலாம்.

ஒரு கனியை இரண்டாக எண்ணுவது

எதிரெதிராக விரிந்து நிற்கும் இரண்டு காய்களும் ஒரே பூவில் வந்தவை. ஒன்றை மட்டும் ஒடித்து வராதீர்கள்.

பால் வெள்ளையாக வரட்டும் என்று காத்திருப்பது

ஒடித்தால் வடியும் பால் நீர்போலத் தெளிவாகவும் வரும்.

புதராக நின்றால் கொடியல்ல என்பது

திறந்த வெளியில் சார்மெண்டோசஸ் புதராகவே நிற்கும். பக்கத்தில் மரம் இருந்தால் ஏறும்.

சேகரித்த இடத்தை எழுதாமல் விடுவது

1949-இல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு மூலப்பொருள் தேடி, சார்மெண்டோசஸ் விதைக்காக ஆப்பிரிக்காவுக்கு ஆட்கள் போனார்கள். அதே சிற்றினத்தின் விதையில் உள்ள வேதிப்பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. இடம் குறிக்காத விதைப் பொட்டலத்தை வைத்து என்ன செய்வது?

விதையை வெறுங்கையால் அளைவது

அம்பு நஞ்சு எடுக்கும் விதை இது, இதயத்தைத் தாக்கும். ஆப்பிரிக்காவின் ஸாம்பெசி ஆற்றுப் பயணத்தின்போது (1858–64) அதில் சென்ற தாவரவியலாளர் ஜான் கிர்க்கின் பல் துலக்கும் பிரஷில் அந்த நஞ்சு பட்டிருந்தது. துலக்கியதும் வாயில் கசப்பு, நாடித்துடிப்பும் குறைந்தது. கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் மேசையையும் துடையுங்கள்.