தைராய்டு ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது வாரக் கணக்கு

தங்கைக்கு அப்போது பத்தாவது வாரம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிய கையோடு போன் செய்தாள். "அக்கா, டி.எஸ்.எச். 0.15னு இருக்கு. பக்கத்துல தடிச்ச எழுத்துல 'எல்'னு போட்டிருக்கு. குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?" ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். இதே கேள்வியோடு கண் கலங்கி நிற்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளையிலிருந்து வரும் ஹார்மோன். 'எல்' என்றால் அளவைவிடக் குறைவு. ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் 0.4 முதல் 4.5 வரை என்பதுபோல ஓர் அளவு இருக்கும். அது பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கானது. கார்டில் இரண்டு கோடு காட்டுகிறதே, அந்த எச்.சி.ஜி. ஹார்மோன் தைராய்டையும் தூண்டிவிடும். அதனால் டி.எஸ்.எச். தானாகவே குறைகிறது. முதல் மூன்று மாதத்தில், அதுவும் மசக்கை அதிகமாக இருந்தால், இது சகஜம்.

அடுத்து ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் தனியாக இருக்கும் தைராய்டு ஹார்மோன், அந்த வரியைப் பாருங்கள். தங்கைக்கு அது அளவுக்குள் இருந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் தரவில்லை. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 0.6க்கு ஏறியிருந்தது. ஃப்ரீ டி4 கூடியிருந்தாலோ, படபடப்பு, கை நடுக்கம், கழுத்து வீக்கம் இருந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். வெறும் 'டி4' என்று போட்டிருந்தால் அது மொத்த அளவு. கர்ப்பத்தின் பிற்பாதியில் அது ஒன்றரை மடங்கு வரை கூடுவது இயல்புதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது எந்தக் குறியும் இல்லாத ரிப்போர்ட். எட்டாவது வாரத்தில் டி.எஸ்.எச். 4.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட அளவுக்குள் இருப்பதால் கம்ப்யூட்டர் அதிகம் என்று காட்டும் 'எச்' போடாது; வீட்டில் நார்மல் என்று ஃபைலில் வைத்துவிடுவார்கள். ஆனால் டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். பாதிக் கர்ப்பம் வரை குழந்தை அம்மாவின் தைராய்டு ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. முன்பு முதல் மூன்று மாதத்துக்கு 2.5, அதன்பின் 3 என்று எல்லை வைத்திருந்தார்கள். 2017இல் அமெரிக்க தைராய்டு சங்கம், அந்தந்த ஊர் மக்களுக்கென்று தனி அளவு இல்லாத இடங்களில் முதல் மூன்று மாதத்துக்குச் சுமார் 4 வரை போகலாம் என்றது. நம் ஊரில் பலர் இன்னமும் 2.5ஐத்தான் பார்க்கிறார்கள். இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் காரணம் இதுதான், குழம்ப வேண்டாம். 2.5க்கு மேல் இருந்தால், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்கும் ஆன்ட்டி டி.பி.ஓ. பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால் மாத்திரை தரும் முடிவு மாறக்கூடும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டினால் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கட்டாயம்.

ஏற்கெனவே தைராக்ஸின் சாப்பிடுகிறவர்கள் நாள் தள்ளிப்போனதுமே டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அளவைக் கால் பங்குக்குமேல் கூட்டுவார்கள். அப்புறம் பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே நிற்க வேண்டும்.

ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முடிக்காகப் பயோட்டின் சாப்பிட்டால் இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்; அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்ஸினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். சீட்டில் எத்தனையாவது வாரம் என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள்.