ஐகான் வைக்கும் முன் ஒரு கேள்வி

செயலி வடிவமைக்கிறீர்களா? ஒவ்வொரு ஐகானையும் பார்த்து, 'இது எதனால் புரிகிறது?' என்று கேளுங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளைச் சாயலால் புரிபவை, பழக்கத்தால் புரிபவை, தடயமாக நிற்பவை என்று மூன்றாகப் பிரித்தது இங்கே அப்படியே உதவும்.

கேமரா படம் சாயலால் புரியும், சிக்கல் இல்லை. ஆனால் மூன்று கோடு மெனு பழக்கத்தால் மட்டுமே புரிகிறது. 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியிலேயே அது இருந்தது, இன்னும் சிலருக்குப் பிடிபடவில்லை. 'சேமி' பட்டனில் இருக்கும் ஃப்ளாப்பி, அதாவது முன்பு கோப்புகளைச் சேமித்த வட்டின் படமும் அப்படித்தான். அந்த வட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கு அது வெறும் சதுரம். இத்தகைய ஐகான் பக்கத்தில் ஒரு சொல் கட்டாயம் எழுதுங்கள்.

மூன்றாவது வகை தடயம். புகை நெருப்பைக் காட்டுவது போல, லோடிங் பட்டை உள்ளே நடக்கும் வேலையைக் காட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வேலையோடு தொடர்பில்லாமல் சும்மா நகரும் பட்டை பொய்த் தடயம். 99 சதவீதத்தில் அது உறைந்து நின்றால், அப்புறம் உங்கள் திரையில் எதையுமே பயனர் நம்பமாட்டார். அளக்க முடியாத வேலையா? சரி, பட்டையை எடுத்துவிட்டு, 'படம் பதிவேறுகிறது' என்று நடப்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.